மூட்டையில் இருந்த கைகள்

(அரங்கக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அமெரிக்காவை நான் முதல்ல பார்த்தது ஒரு மூட்டையில. அறுபதுகள். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அங்கேயிருந்து பால் பவுடர் வரும். மூட்டை மேல ரெண்டு கை குலுக்கிக்கிற மாதிரி படம். ஆனால் அந்தப் பாலை ஊற்றியவருடைய கை எங்க குவளையில பட்டதே இல்லை. சேரிப் பிள்ளைகளைத் தனியே உட்கார வைத்து, எட்ட நின்று ஊற்றுவார். சாதி பார்க்காம கை கொடுக்கிற தேசம் ஒண்ணு எங்கேயோ இருக்குன்னு அந்தப் படத்தைப் பார்த்து நம்பினேன்.

இப்படி நம்பியதில் நான் முதல் ஆள் இல்லை. 1873இல் ஜோதிராவ் ஃபுலே தன் ‘குலாம்கிரி’ நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டதற்காக அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். அங்கே நடந்தது இங்கேயும் நடக்கணும் என்ற ஆசை அது. ஆனால் நாலே வருடத்தில், 1877இல், கறுப்பின மக்களுக்குக் காவலாகத் தென் மாநிலங்களில் நின்ற படை விலகிக்கொண்டது. பழைய எஜமானர்கள் திரும்பி வந்தார்கள். 1896இல் உச்ச நீதிமன்றமே, தனியாகப் பிரித்து வைத்தாலும் அது சமத்துவம்தான் என்று தீர்ப்பு எழுதியது.

1913இல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். வாஷிங்டனில் அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களை வில்சன் அரசு தனியே பிரித்ததும் அதே வருடம்தான். 1946இல் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதுகிறார். ஐ.நா.வுக்குக் கறுப்பின மக்கள் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்கிறார். வெள்ளை மாளிகையிடம் அவர் எதையும் கேட்கவில்லை, அந்த நாட்டின் பின்வாசலில் நிறுத்தப்பட்டவர்களிடம் கேட்டார். நமக்கு வேண்டிய அமெரிக்கா அங்கேதான் இருந்தது.

வல்லரசுகள் தன் சொந்த மக்கள் அழுதால் அசைவதில்லை. அந்த அழுகை வெளியே கேட்டால்தான் பதறுகின்றன. பள்ளிகளில் நிறப் பிரிவினை பற்றிய வழக்கில் 1952இல் அமெரிக்க அரசே நீதிமன்றத்திடம் சொன்னது என்ன? இந்தப் பிரிவினை கம்யூனிஸ்டுகளின் பிரச்சாரத்துக்குத் தீனி போடுகிறது என்று. 1957இல் லிட்டில் ராக் பள்ளிக்கு ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் போனபோது வெள்ளையர் கும்பல் மறித்தது. ஐசனோவர் ராணுவத்தை அனுப்பினார். உலகத்தின் முன் நாட்டின் மதிப்பு போகிறது என்பதையும் அவர் காரணமாகச் சொன்னார்.

ஆனால் வெட்கம் மட்டும் விடுதலை கொடுத்துடாது. மாண்ட்கோமரியில் 381 நாள் பஸ் ஏறாம நடந்தாங்களே சனங்க, அவங்க கால்தான் சட்டத்தை நகர்த்தியது. 2020இல் மினியாபொலிசில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கழுத்தில் போலீஸ்காரன் முழங்கால் வைத்து அழுத்தியதை உலகமே பார்த்தது. அப்பவும் தெருவுக்கு வந்த மக்கள்தான் கேள்வி கேட்டார்கள்.

இதே கண்ணாடியை இப்ப நம்ம பக்கம் திருப்புவோம். 1955 ஆகஸ்டில் இந்தியத் தூதர் ஜி. எல். மேத்தாவை ஹூஸ்டன் விமான நிலைய உணவகத்தில், கறுப்பர் என்று நினைத்துத் தனியே உட்காரச் சொன்னார்கள். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டல்லஸே மன்னிப்புக் கேட்டார். நியாயம்தான். இங்கே தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்ததும் அதே 1955தான். அப்புறமும் டீக்கடையில நமக்குத் தனி டம்ளர் தொங்குச்சு. நம்மகிட்ட எந்த அமைச்சர் மன்னிப்புக் கேட்டார்?

2001இல் டர்பனில், இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாட்டில் சாதியைப் பேசணும் என்று தலித் அமைப்புகள் கேட்டன. சாதி வேற, இனம் வேற, அது உள்நாட்டு விஷயம் என்று இந்திய அரசு மறித்தது. லிட்டில் ராக்கில் மறித்தவர்களும் அதை உள்ளூர் விஷயம்னுதான் சொன்னாங்க.

நாட்டு மானத்தை வெளியே வாங்குறீங்களேன்னு நம்மைக் கேட்கிறாங்க. எட்ட நின்னு பால் ஊத்தினப்பவே அந்த மானம் போயிடுச்சு. நாம போய்ச் சொல்றதால புதுசா ஒண்ணும் போகப்போறதில்லை.

எந்த நாட்டைப் பற்றித் தெரிஞ்சுக்கணும்னாலும் அதன் பின்வாசலில் நிற்கிறவங்ககிட்ட கேளுங்க. இந்த நாட்டைப் பற்றி உலகம் கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.