கைதானவர் எங்கே என்று அறியும் வழி

(பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமில் நிகழ்த்திய பேச்சு)



விதை, உரம், கிணறு, சாலை என்று பேசிப் பழகிய இம்மேடையில் இன்று நாம் கைதைப் பற்றிப் பேச முற்படுகிறோம். பொருளைக் கேட்டதும் சிலர் முகம் சுளிக்கக்கூடும். காவல் நிலையத்தின் வாசலை மிதியாமல் வாழ்வதே மரியாதை என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உண்டு. ஆயினும், வரப்புத் தகராறும் வாய்க்கால் தகராறும் இல்லாத ஊர் ஏது? மாலையில் இருவர் கைகலக்கிறார்கள். இரவில் ஜீப் வருகிறது. ஒருவரை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. மறுநாள் பொழுது விடியுமுன் அவருடைய மனைவி பஞ்சாயத்துத் தலைவரின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். "அவரை எங்கே வைத்திருக்கிறார்கள்?" என்பதே அவ்வம்மாள் கேட்கும் கேள்வி.

அக்கேள்விக்கு விடை தர வேண்டியது அரசின் கடமை. விடை எழுதிவைக்கப்படும் ஏடுகளும் உண்டு. அவற்றை எங்கே, எவரிடம், எவ்வளவு நேரத்துக்குள் கேட்க வேண்டும் என்பதை நாம் அறிந்திருப்பின் அவ்வம்மாளை ஊர் ஊராக அலைய விட வேண்டியதில்லை.

இந்த ஏடுகள் தாமாக வந்தவையல்ல. 1986ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், மேற்கு வங்காளத்தின் சட்ட உதவி அமைப்பொன்றின் தலைவராயிருந்த டி.கே.பாசு என்பவர், காவலில் இருந்தோர் இறந்துபோன பத்திரிகைச் செய்திகளைச் சேர்த்து, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதமே வழக்காக ஏற்கப்பட்டது. பத்தாண்டுகளுக்குப் பின், 1996 டிசம்பர் 18ஆம் நாள் தீர்ப்பு வந்தது. கைது செய்யும் அதிகாரி பெயர்ச்சீட்டு அணிந்திருக்க வேண்டும். கைது செய்த நாளும் நேரமும் குறித்த கைதுக் குறிப்பு ஒன்றைச் சாட்சியுடன் எழுத வேண்டும். உறவினருக்குச் செய்தி சொல்ல வேண்டும். 12 மணி நேரத்துக்குள் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவித்து, அங்கே எல்லோரும் காணும்படி பலகையில் எழுத வேண்டும் என்றெல்லாம் நீதிமன்றம் கட்டளையிட்டது. அக்கட்டளைகளிற் பல, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இடம்பெற்று, 2010 முதல் நடைமுறைக்கு வந்தன. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அவை தொடர்கின்றன. பெயர் வாயில் நுழையாவிட்டால் குற்றமில்லை. 36, 37, 48, 58 என்னும் நான்கு பிரிவுகளின் எண்களை ஒரு தாளில் குறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் போதும்.

37ஆம் பிரிவு நமக்கு மிகவும் வேண்டியது. ஒவ்வொரு மாவட்டத்திலும், ஒவ்வொரு காவல் நிலையத்திலும், உதவி சப்-இன்ஸ்பெக்டர் தகுதிக்குக் குறையாத ஓர் அதிகாரியை இதற்கென நியமிக்க வேண்டும் என்கிறது அப்பிரிவு. கைதானவர்களின் பெயர், முகவரி, சாட்டப்பட்ட குற்றத்தின் தன்மை ஆகியவற்றைப் பராமரிப்பது அவருடைய பொறுப்பு. அவ்விவரங்கள் நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் பார்வையில் படும்படி வைக்கப்பட வேண்டும். கணினித் திரையிலும் காட்டலாம். ஆகவே, நிலையத்துக்குச் சென்று, "கைதானவர் பட்டியலைக் காண வந்தோம்" என்று சொல்வது தயவு வேண்டுவதாகாது; ரேஷன் கடையில் இருப்புப் பலகையைப் பார்ப்பது போன்றதே.

அங்கே பெயர் இல்லையென்றாலோ, "இங்கே அப்படி ஒருவரும் இல்லை" என்று பதில் வந்தாலோ, அடுத்து மாவட்டக் காவல் கட்டுப்பாட்டு அறையைக் கேட்க வேண்டும். 48ஆம் பிரிவின்படி, கைதையும் வைத்திருக்கும் இடத்தையும், கைதானவர் குறிப்பிடும் உறவினருக்கோ நண்பருக்கோ உடனே தெரிவிப்பதோடு, மாவட்டத்தில் நியமிக்கப்பட்ட அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். யாருக்குச் செய்தி சொல்லப்பட்டது என்பதை நிலையத்தில் உள்ள ஏட்டில் எழுதவும் வேண்டும். தொலைபேசியில் கேட்பவர் தாம் கேட்ட நேரத்தையும், பதில் சொன்னவரின் பெயரையும் பதவியையும் குறித்துக்கொள்வாராக. பின்னர் நீதிமன்றத்தில் பயன்படுவது அக்குறிப்பே.

நேரத்தைப் பற்றி இத்தனை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கைதான ஒருவரை, வழிப்பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்பு. 58ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. அந்த 24 மணி நேரம் எப்பொழுது தொடங்கிற்று என்பதைக் காட்டுவது கைதுக் குறிப்பு. நிலையங்களில் இதனை 'அரெஸ்ட் மெமோ' என்பார்கள். இதில் குடும்பத்தார் ஒருவரேனும், அல்லது கைது நடந்த வட்டாரத்தின் மதிப்பிற்குரியவர் ஒருவரேனும் சாட்சிக் கையெழுத்து இட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும்.

உறுப்பினர்களே, அந்த 'மதிப்பிற்குரியவர்' என்று அழைக்கப்படுபவர் பெரும்பாலும் நீங்களாகவே இருப்பீர்கள். வார்டு உறுப்பினரைக் கூப்பிடு என்று ஆள் வரும். நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து படுத்துக்கொள்வது எளிது. அவ்வாறு செய்யலாகாது. முதலில் படித்துப் பாருங்கள். ஆளை இரவு 10 மணிக்குப் பிடித்திருக்க, தாளில் காலை 6 மணி என்று இருந்தால், நீங்கள் இடும் கையெழுத்து எட்டு மணி நேரத்தை ஒரு மனிதரின் வாழ்விலிருந்து அழித்துவிடும். நேரம் எழுதாத வெற்றுத் தாளாயின் கையெழுத்திட மறுப்பதே முறை. கண்ட நேரத்தை உங்கள் கையெழுத்தின் கீழே உங்கள் கைப்படவே எழுதுங்கள்.

கைதான அன்றே நடுவர் முன் நிறுத்தி ரிமாண்ட் செய்துவிட்டால், தேட வேண்டிய இடம் மாறிவிடுகிறது. அப்பொழுது முதல் தகவல் அறிக்கையின் எண் வேண்டும். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைப்படி, பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற வழக்குகள் தவிர மற்றவற்றின் அறிக்கைகளைக் காவல்துறை தன் இணையத்தளத்தில் 24 மணி நேரத்துக்குள் வெளியிட வேண்டும். தொடர்பு வசதி குறைந்த இடங்களில் 72 மணி நேரம் வரை ஆகலாம். எண்ணும் நிலையத்தின் பெயரும் ஆண்டும் தெரிந்தால், இ-கோர்ட்ஸ் என்னும் நீதிமன்ற இணையத்தளத்தில் வழக்கின் நிலையைத் தேட இயலும். கணினி அறியாதவர் ஊரில் படிக்கும் பிள்ளைகளின் உதவியை நாடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எந்தச் சிறை என்பது நடுவர் கொடுக்கும் வாரண்டில் எழுதப்பட்டிருக்கும். கிளைச் சிறையாகவும் இருக்கலாம். வேலூர், சேலம், கோவை, திருச்சி, மதுரை, பாளையங்கோட்டை போன்ற மத்திய சிறையாகவும் இருக்கலாம். பெண்களுக்குத் தனிச் சிறை உண்டு. பதினெட்டு வயது நிரம்பாதவரைச் சிறையில் வைக்கவே கூடாது. அவர் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுசெல்லப்பட வேண்டியவர். நீதிமன்ற எழுத்தரிடம் ரிமாண்ட் நாளைக் கேட்டறிந்து எழுதிக்கொள்ள மறவாதீர்கள். குற்றத்துக்கேற்ப 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை வராவிடில் ஜாமீன் கேட்கும் உரிமை பிறக்கிறது. அக்கணக்கு ரிமாண்ட் நாளிலிருந்தே ஓடுகிறது. நாள் தெரியாத குடும்பம் உரிமை வந்ததும் தெரியாமல் காத்துக்கிடக்கும்.

எங்கே கேட்டும் விவரம் கிட்டவில்லையெனில் வழிகள் இரண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, சாதாரண மனுவுக்கு 30 நாள் தவணை தருகிறது. ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பற்றியதாயின் 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும் என்கிறது. மனுவின் தலைப்பிலேயே அதைத் தெளிவாக எழுதுக. 24 மணி நேரம் கடந்தும் ஆள் இருக்குமிடம் தெரியாதபோது அதற்கும் காத்திருத்தல் கூடாது. சென்னை உயர் நீதிமன்றத்திலோ அதன் மதுரைக் கிளையிலோ ஆட்கொணர்வு மனு இட வேண்டும். கைதானவர்தாம் மனுச் செய்ய வேண்டும் என்பதில்லை. உறவினரும் நண்பரும் செய்யலாம். காவலில் உள்ள எவருக்கும், வருமானம் எவ்வளவாயினும், இலவச வழக்கறிஞர் உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அவ்வுரிமையைத் தருகிறது.

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. பட்டியலில் பெயர் கண்டவுடன் அதைப் படமெடுத்து ஊர் முழுவதும் அனுப்பும் வழக்கம் பரவிவருகிறது. கைது என்பது தீர்ப்பு அன்று. அடுத்த வாரமே விடுதலையாகி வருபவர் பலர். ஆனால் அப்படம் அவர் மகளின் திருமணப் பேச்சு வரை நின்று தடுக்கும். இளஞ்சிறார் பெயரையும், பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தையும் வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றமே. பலகை வைக்கப்பட்டது ஆள் காணாமற்போகாதிருப்பதற்காக. பழைய பகை தீர்த்துக்கொள்வதற்கு அதைக் கருவியாக்குவதை நாம் ஒப்ப இயலாது.

பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் குடிநீர்க் கட்டணமும் வீட்டுவரியும் எழுதியிருக்கிறோம். அதன் அருகே ஒரு முழ இடம் ஒதுக்கி, நம் காவல் நிலையம், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, வட்டச் சட்டப்பணிகள் குழு ஆகியவற்றின் தொலைபேசி எண்களையும், சட்ட உதவிக்கான 15100 என்னும் எண்ணையும் பெயிண்டால் எழுதிவையுங்கள். இரவில் வருபவருக்கும் தெரியும்படி மேலே ஒரு விளக்குப் போட்டால் நலம்.