கடவுள் அழைப்பா? காலி ஸ்தான விளம்பரமா?

(ஒரு வாசகசாலையின் மாதக் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சீமையைப் பற்றியதாகும். இங்கிலாந்து தேசத்துக் கிராமங்களில் பாதிரியார் உத்தியோகம் காலியானால் அடுத்தவர் எப்படி வந்து சேருகிறார் என்பதுதான் அது. நம் ஊர்க் குருக்கள் சங்கதியே தீராமல் கிடக்கையில் வெள்ளைக்காரன் ஊர்ப் பாதிரி சங்கதி நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். "அவன் மதம் நம் மதம்போல அல்ல, அங்கே பாதிரி என்றால் கடவுளே அழைத்து அனுப்பியவர்" என்று நம்மில் படித்தவர்களே பேசித் திரிகிறார்கள். அந்தப் பேச்சில் எவ்வளவு தூரம் உண்மை இருக்கிறது என்று பார்த்துவிடுவதில் யாருக்கும் நஷ்டமில்லை.

அன்றியும், திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவத் தோழர்களுக்கு இது அன்னிய விஷயமும் அல்ல. அவர்களுடைய சபைகளில் பல அந்தச் சீமைச் சபையின் மிஷன்கள் வைத்தவை. 1947-ம் வருஷம் செப்டம்பர் மாதம் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தவை. பல ஊர்ச் சபைகளை ஒரே குருவானவர் பார்த்துக்கொள்ளுவதற்கு அங்கே சேகரம் என்று பெயர். அந்தக் குருவானவரை ஜனங்கள் "ஐயர்" என்றே கூப்பிடுகிறார்கள். மதம் மாறியும் ஐயர் மாறவில்லை! அது நிற்க.

இங்கிலாந்துச் சபைக்கு 12,000-க்கு மேற்பட்ட பாரிஷ்களும் சுமார் 16,000 கோவில் கட்டடங்களும் இருக்கின்றன. சம்பளம் வாங்கும் பாதிரிமார்களோ அந்தக் கட்டடத் தொகையில் பாதிகூட இல்லை. ஆகையால் நாட்டுப்புறத்தில் ஐந்து ஊர், ஆறு ஊர், சில இடங்களில் பத்து ஊர்கூட ஒரே கட்டாகக் கட்டி ஒரே பாதிரியாரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். நம் பாஷையில் அது ஒரு சேகரம். ஊருக்கு ஊர் தனிக் கோவில், தனிச் சபைக் கமிட்டி, தனிக் கணக்கு, தனி ஒழுகல் கூரை! ஞாயிற்றுக்கிழமையில் பாதிரியார் எந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் போவது என்பதில் ஊருக்கு ஊர் மனத்தாங்கல் வேறு. இந்த நிலையில் பாதிரியார் வேறு இடம் போய்விடுகிறார், அல்லது ஓய்வு பெற்றுவிடுகிறார். 70 வயதில் ஓய்வு என்று 1975-ல் சட்டம் செய்திருக்கிறார்கள். கடவுள் அழைப்புக்கும் பென்ஷன் வயது உண்டு என்பதை நம் நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

இனி அடுத்தவரைத் தேடும் வேலை. இதற்கு 1986-ல் ஏற்பட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. காலி ஸ்தானம் பற்றிய அறிவிப்பு வந்ததும் நாலு வாரத்துக்குள் சபைக் கமிட்டி கூட வேண்டும். பல ஊர் சேர்ந்த சேகரமானால் எல்லாக் கமிட்டிகளும் சேர்ந்து கூட வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு யார் யார் வரக்கூடாது என்று சட்டமே சொல்லுகிறது. போகிற பாதிரியார் வரக்கூடாது. அவருடைய மனைவியோ புருஷரோ வரக்கூடாது. நியமன உரிமையுள்ள பேட்ரன் என்பவரும் வரக்கூடாது. இவர்கள் எதிரில் ஊரார் வாய் திறக்கமாட்டார்கள், அல்லது இவர்கள் தங்கள் ஆளை நுழைத்துவிடுவார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்? மனித சுபாவத்தை நன்றாக அறிந்தவர்கள் எழுதிய சட்டம் என்று நாம் தாராளமாய் ஒப்புக்கொள்ளுகிறோம்.

கூட்டத்தில் ஒரு அறிக்கை தயாரிக்கிறார்கள். ஊரின் நிலைமை என்ன, தேவை என்ன, வழக்கம் என்ன என்று எழுத வேண்டும். ஜனத்தொகை இவ்வளவு, பள்ளிக்கூடம் இருக்கிறது, கோபுரம் பழுது, நோயாளிகளைப் போய்ப் பார்க்கிறவராக வேண்டும், சிறு பிள்ளைகளோடு பழகத் தெரிய வேண்டும், ஊருக்கு ஊர் கார் ஓட்டிக்கொண்டு போக வேண்டும், குடியிருக்க இத்தனை அறையுள்ள வீடு தருகிறோம் என்று எழுதுகிறார்கள். பிறகு சபைப் பத்திரிகையில் விளம்பரம். பிறகு மனுக்கள், நற்சாட்சிக் கடிதங்கள், நேர்முகப் பேட்டி. போலீசு ரிக்கார்டில் குற்றம் ஏதேனும் உண்டா என்று பார்ப்பதும் உண்டு. பார்க்கத்தான் வேண்டும், குழந்தைகள் சம்பந்தப்பட்ட உத்தியோகம். ஒரு ஹைஸ்கூலுக்குத் தலைமை வாத்தியாரைத் தேடுவது போலவே ஒழுங்காகத் தேடுகிறார்கள். அதை நாம் குறை சொல்ல வரவில்லை. இவ்வளவையும் காகிதத்தாலும் கேள்வியாலும் செய்துவிட்டு, முடிவில் "கடவுள் எங்களுக்கு அனுப்பினார்" என்று சொல்லுகிறார்களே, அந்த ஒரு வரிதான் கணக்கில் ஒட்டவில்லை.

ஆள் கிடைத்ததும் பிஷப் வந்து பதவி கொடுக்கிறார். ஆர்ச்டீக்கன் என்ற அதிகாரி புதியவரின் கையைப் பிடித்துக் கோவில் கதவின்மேல் வைக்கிறார். புதியவர் மணியடிக்கிறார். எத்தனை தடவை அடித்தாரோ அத்தனை வருஷம் இருப்பார் என்று வெளியில் எண்ணிக்கொண்டு நிற்கிறவர்களும் உண்டு. பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கும் நம்மவர்களுக்கு இதைக் கேட்க ஆறுதலாயிருக்கும்.

கையைக் கதவில் வைப்பது எதற்கு? நிலம் வாங்கினால் சுவாதீனம் கொடுப்பது போன்ற சடங்கு அது. சுவாதீனம் என்ற சொல் இங்கே வந்தது தற்செயல் அல்ல. மேலே பேட்ரன் என்று ஒருவரைச் சொன்னோம். பழைய காலத்தில் ஜமீன்தார் தன் நிலத்தில் கோவில் கட்டினான். கட்டினவன் தானே பாதிரியை வைப்பேன் என்றான். அந்தப் பாத்தியதை நாளடைவில் வீடு, தோப்பு, வயல் போல ஒரு சொத்தாகிவிட்டது. தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது, விலைக்கும் போயிற்று. 19-ம் நூற்றாண்டில் இதற்குப் பத்திரிகையில் விளம்பரமே வந்தது. வருமானம் இவ்வளவு, வீடு நல்ல வீடு, இப்போதிருக்கும் பாதிரியாருக்கு வயது இவ்வளவு! வயதை எதற்காகச் சொன்னார்கள் தெரியுமா, தோழர்களே? கிழவர் சீக்கிரம் சாவார், வாங்குகிறவருக்குச் சீக்கிரம் பலன் கிடைக்கும் என்பதற்காகத்தான்.

இதில் இன்னும் ஒரு வேடிக்கை. பரிசுத்த பதவியைப் பணத்துக்கு விற்பது மகா பாவம் என்று அவர்கள் வேதத்திலேயே இருக்கிறது. பேதுருவிடம் பணத்தை நீட்டின சீமோன் என்பவன் பெயரால் அந்தப் பாவத்துக்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். அப்படியானால் விளம்பரம் எப்படி வந்தது? இருக்கிற பாதிரி உயிரோடிருக்கும்போது அடுத்த நியமனத்தை விற்றால் அது சொத்து வியாபாரம். அவர் செத்துப் பதவி காலியான பிறகு விற்றால் அது பாவம். மூச்சு இருக்கும்வரை புண்ணியம், மூச்சு நின்றால் பாவம்! பாதிரி தனக்கே அடுத்த நியமனத்தை வாங்கக்கூடாது என்று 18-ம் நூற்றாண்டிலேயே சட்டம் வந்தது. வந்தால் என்ன? பாதிரியின் தகப்பனார் வாங்கிக்கொடுத்தால் சட்டம் என்ன செய்யும்?

1898-ல் இந்தப் பாத்தியதையைத் தனியாக ஏலம் போடுவதைத் தடுத்தார்கள். 1923-ல் விற்பனையையே படிப்படியாக நிறுத்த வழி செய்தார்கள். 1986 சட்டம் விற்கவே கூடாது என்றது. ஆனால் பாத்தியதை ஒழிந்ததா என்றால் ஒழியவில்லை. ராஜா, லார்டு சான்சலர், பிஷப்புகள், ஆக்ஸ்போர்டு கேம்பிரிட்ஜ் கல்லூரிகள், பழைய பண்ணைக் குடும்பங்கள் என்று இன்றும் பேட்ரன்கள் இருக்கிறார்கள். கேம்பிரிட்ஜில் சார்லஸ் சிமியோன் என்ற பாதிரியார் (1836-ல் காலமானவர்) தன் கட்சிப் பாதிரிகளை உள்ளே விடுவதற்காகவே இந்தப் பாத்தியதைகளைத் தேடித் தேடி விலைக்கு வாங்கினார். அவர் வைத்த டிரஸ்டு இன்றைக்கும் பல கோவில்களுக்குப் பேட்ரனாயிருக்கிறது. அவர் யோக்கியர்தான். யோக்கியரும் கடைக்குப் போய்த்தான் வாங்க வேண்டியிருந்தது என்பதுதான் விஷயம்.

இவ்வளவுக்கும் நடுவில் அந்த ஊர்க் குடியானவனுக்கு என்ன உரிமை இருந்தது? வருகிறவனுக்குத் தசமபாகம் அளந்து கொடுக்கும் உரிமை இருந்தது. இன்று 1986 சட்டப்படி ஊரார் தங்கள் பிரதிநிதிகளைப் பொறுக்குகிறார்கள். சேகரமானால் ஊருக்கு ஒருவராவது இருப்பார். பேட்ரன் காட்டும் ஆளை வேண்டாம் என்று சொல்ல இவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் பேட்ரன் ஆர்ச்பிஷப்பிடம் மேல்முறையீடு செய்துகொள்ளலாம். பிஷப் நினைத்தால் நியமனப் பாத்தியதையையே ஐந்து வருஷம் வரை நிறுத்திவைத்துத் தற்காலிகப் பொறுப்புப் பாதிரி ஒருவரைப் போடலாம். ஊராருக்குக் கிடைத்தது கதவில் ஒரு சந்துதான்.

ஸ்காட்லாந்தில் நடந்ததை அவசியம் சொல்ல வேண்டும். அங்கே 1712-ல் லண்டன் பார்லிமெண்டு ஒரு சட்டத்தால் பண்ணைப் பிரபுக்களின் நியமனப் பாத்தியதையைத் திரும்பக் கொண்டுவந்து ஜனங்கள் தலையில் கட்டிற்று. 1834-ல் ஆக்டரார்டர் என்ற ஊருக்குக் கின்னூல் பிரபு ஒரு பாதிரியை நியமித்தார். அந்த ஊரில் ஓட்டுரிமையுள்ள குடும்பத் தலைவர்கள் 330 பேர். அந்தப் பாதிரி வேண்டும் என்று கையெழுத்துப் போட்டவர்கள் 2 பேர். வேண்டாம் என்றவர்கள் 287 பேர். விவகாரம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1839-ல் பிரபுக்கள் சபை என்ன தீர்ப்புச் சொல்லியிருக்கும்? பிரபுக்களின் சபை பிரபுவின் பக்கமே தீர்ப்புச் சொல்லிற்று. ஊரார் சம்மதம் சட்டத்துக்குச் சம்பந்தமில்லையாம்!

மார்னக் என்ற இன்னொரு ஊரில் புதுப் பாதிரிக்குக் கையெழுத்துப் போட்டவர் ஒரே ஒருவர். அவர் சாராயக் கடைக்காரர். 1841 ஜனவரியில் பனி கொட்டும்போது அந்தப் பாதிரியைப் பதவியில் வைக்க வந்தார்கள். ஊர் ஜனங்கள் தங்கள் வேதப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு கோவிலைவிட்டு வெளியே போய்விட்டார்கள். சத்தம் போடவில்லை, கல் எறியவில்லை. அவர்கள் இல்லாமலே பதவியேற்பு நடந்தது.

1843 மே 18-ந் தேதி எடின்பரோவில் சபையின் மகாசபை கூடினபோது பாதிரிமார்கள் எழுந்து வெளியேறினார்கள். 450 பேருக்கு மேல் சம்பளத்தையும் வீட்டையும் விட்டுவிட்டுத் தனிச் சபை கண்டார்கள். பண்ணையார்கள் சும்மா இருப்பார்களா? கோவில் கட்ட ஒரு குழி நிலம்கூடத் தரமாட்டோம் என்றார்கள். வெட்டவெளியிலும் சாலை ஓரத்திலும் மழையில் நின்று பூசை நடந்தது. ஸ்ட்ரான்ஷியன் என்ற ஊரில், நிலம்தானே உன்னுடையது, தண்ணீர் உன்னுடையதல்லவே என்று, 1846-ல் இரும்பால் மிதக்கும் கோவில் ஒன்று செய்து கடற்கழியில் நங்கூரம் போட்டு நிறுத்தினார்கள்! அவர்கள் கடவுளைப் பற்றி நமக்கு ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. ஆனால் தனக்குத் தலைவனாய் வருகிறவனைப் பண்ணையார் பொறுக்க விடமாட்டேன் என்ற அந்த ரோஷத்துக்கு நாம் தலை வணங்குகிறோம். சென்னையிலும் அதன் அலை அடித்தது. 1837-ல் இங்கே பள்ளிக்கூடம் வைத்த ஜான் ஆண்டர்சனும் கூட்டாளிகளும் புதிய சபையோடு போனார்கள். அந்தப் பள்ளிக்கூடம்தான் வளர்ந்து இன்று தாம்பரத்தில் கிறிஸ்தவக் கல்லூரியாயிருக்கிறது. ஸ்காட்லாந்தில் பாத்தியதைச் சட்டம் 1874-ல் ஒழிந்தது. இன்று அங்கே சபையார் கமிட்டி போட்டுத் தேடுகிறார்கள். கமிட்டி பொறுக்கினவர் வந்து பிரசங்கம் செய்கிறார். சபையார் ஓட்டுப் போடுகிறார்கள்.

தாய்மார்கள் இவ்வளவு பேர் வந்திருப்பதால் அவர்கள் சங்கதிக்கு வருவோம். இங்கிலாந்துச் சபையில் பெண்கள் பாதிரியாகலாம் என்பது 1992 நவம்பரில்தான் நிறைவேறிற்று. அதுவும் சபையார் பிரிவில் இரண்டே ஓட்டுப் போயிருந்தால் தோற்றிருக்கும். 1994-ல் பிரிஸ்டலில் முதன் முதலாக 32 பெண்கள் பாதிரிகளானார்கள். 2015-ல் முதல் பெண் பிஷப் வந்தார். 2025 அக்டோபரில் காண்டர்பரி ஆர்ச்பிஷப் பதவிக்கே ஒரு பெண்மணி பெயர் அறிவிக்கப்பட்டது. ஆனால் இன்றும் ஒரு ஊர்ச் சபைக் கமிட்டி "எங்களுக்கு ஆண் பாதிரிதான் வேண்டும்" என்று தீர்மானம் போடலாம். பள்ளிக்கூடத்துக்கு அப்படி விளம்பரம் போட்டால் கோர்ட்டுக்கு இழுத்துவிடுவார்கள். மத ஸ்தாபனத்துக்கு மட்டும் 2010 சமத்துவச் சட்டத்தில் விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள். கோவிலைப் பெருக்குவது, புஷ்பம் வைப்பது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுவது, தேநீர் போடுவது எல்லாம் பெண்கள். அதற்கு எந்தக் கமிட்டியும் எதிர்த் தீர்மானம் போட்டதாக நாம் கேள்விப்படவில்லை.

கடைசியாக, பதவி காலியாயிருக்கும் காலம். இது சில இடங்களில் ஒரு வருஷத்துக்கு மேலும் இழுத்துப்போகிறது. அப்போது சேகரத்தை யார் நடத்துகிறார்கள்? வார்டன்கள் என்ற ஊர்க்காரர்களும் வட்டாரத் தலைமைப் பாதிரியும் சட்டப்படி பொறுப்பாளர்கள். பக்கத்து வட்டத்தை அவ்வளவு தூரம் யார் வந்து கவனிப்பார்? எனவே நடைமுறையில் வேலை ஊர்க்காரர்கள் தலையில்தான். சாவி அவர்களிடம், கரண்டு பில் அவர்களிடம், சாவு வீட்டுக்கு ஏற்பாடு அவர்களிடம். பிரசங்கமும் ஜெபமும் பயிற்சி பெற்ற ஊர்க்காரரே நடத்துகிறார். அப்பத்தையும் ரசத்தையும் ஆசீர்வதிக்க மட்டும் ஓய்வு பெற்ற பாதிரி ஒருவரை எங்கிருந்தாவது கூட்டி வருகிறார்கள்; அவருக்குப் பெட்ரோல் செலவு கொடுக்கிறார்கள். அந்த ஒரு வருஷத்தில் ஏழு ஊரில் எது நின்றுபோயிற்று என்று அந்த ஊர்க்காரர்களே ஒரு காகிதத்தில் எழுதிப் பார்க்கட்டும். புதிய பாதிரிக்கான தேவை அறிக்கை எழுதின அதே காகிதத்தின் பின்பக்கம் போதும்.

கேள்வி கேட்க விரும்பும் தோழர்களுக்கு மேஜைமேல் காகிதமும் பென்சிலும் வைத்திருக்கிறது. கிறிஸ்தவத் தோழர்கள் முதலில் கேட்கலாம். கோபமாய்க் கேட்டாலும் பாதகமில்லை. தெரிந்தவரை பதில் சொல்லுகிறோம்.