பேரண்டத் தோற்றமும் உதகைச் சான்றும்



சிதம்பரத்தில் பேரண்டத்தைப் பற்றிப் பேச வருகிறவரிடம் முதலில் கேட்கப்படுவது ஜெனீவாச் சிலையைப் பற்றித்தான். இந்திய அரசு அளித்த நடராசர் சிலை செர்ன் ஆய்வகத்தில் 2004 ஜூன் 18 அன்று திறக்கப்பட்டது உண்மை. அது நட்புக்கான பரிசு. பெருவெடிப்புக் கொள்கைக்கு அது சான்றாகாது. தில்லைக்கு அறிவியல் தந்த நற்சான்றும் ஆகாது. கூத்தப்பெருமானுக்கு அப்படியொரு நற்சான்று தேவையும் இல்லை. சான்று என்றால் என்ன என்று பார்க்க, ஏறக்குறைய இதே அட்சக்கோட்டில் மேற்கே முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் இருக்கும் உதகைக்குப் போனால் போதும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றிய அதே 1929இல்தான், விண்மீன் மண்டலங்கள் தொலைவுக்கு ஏற்ற வேகத்தில் விலகிச் செல்கின்றன என்று எட்வின் ஹப்பிள் எழுதினார். விரிவைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் தொடக்கம் தெரியும். ஆனால் அன்றைய அளவீட்டின்படி பேரண்டத்தின் வயது ஏறக்குறைய 200 கோடி ஆண்டுதான். பூமியின் பழம்பாறைகளோ அதைவிட மூத்தவை. கடலூரின் பெயரைத் தாங்கிய மணற்பாறை, திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் அந்தப் பாறை, ஏறக்குறைய 2 கோடி ஆண்டுக்கு முந்தையதுதான். கர்நாடகத்தின் தார்வார்ப் பகுதியிலோ 300 கோடியைத் தாண்டிய பாறைகள் உள்ளன. தாயைவிடப் பிள்ளை மூத்ததாக இருக்க முடியுமா? பெருவெடிப்புக்கு எதிராக எழுந்த மிக வலுவான சான்று இதுதான். பாடநூல்கள் இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு வருத்தம்.

இந்தச் சிக்கலுக்கு விடையாக 1948இல் ஹாயில், பாண்டி, கோல்டு என்ற அறிவியலாளர் மூவரும் மாறாநிலைக் கொள்கையை முன்வைத்தார்கள். பேரண்டம் விரியும், இடைவெளியில் புதிய பொருள் தோன்றும், முதலும் இல்லை, முடிவும் இல்லை. எக்காலத்திலும் அது ஒரே மாதிரி இருக்கும் என்றார்கள். சோதித்துப் பார்க்கக்கூடிய துணிச்சலான கூற்று அது. தொலைவைப் பார்ப்பது பழங்காலத்தைப் பார்ப்பதுதானே! 1952இல் வானியலாளர் வால்டர் பாடே தொலைவு அளவுகளைத் திருத்தியதும் வயதுச் சிக்கல் தளரத் தொடங்கியது. ஆனாலும் வழக்கு முடியவில்லை.

இங்கேதான் உதகை வருகிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் கோவிந்த் ஸ்வரூப், உதகையை அடுத்த முத்தொரையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட வானொலித் தொலைநோக்கியை 1970இல் முடித்தார். வடக்குத் தெற்காக ஏறக்குறைய 11 பாகை சாய்ந்த மலைச்சரிவைத் தேடிப்பிடித்தார்கள். அது அந்த இடத்தின் அட்சரேகை. நம் சிதம்பரத்தின் அட்சரேகையும் ஏறக்குறைய அதுவே. அதனால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிறது. ஒரே அச்சில் திருப்பினாலே, வானொலி அலைகளை வீசும் ஒரு மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம்.

வானொலி மூலத்தின் மீது நிலா நகரும்போது சமிக்ஞை எப்படி மங்குகிறது என்று பதிவு செய்தார்கள். பரந்த மூலம் மெல்ல மறையும். சிறியது சட்டென்று மறையும். நிலாவின் விளிம்பு எந்த நொடியில் எங்கே இருக்கும் என்பது துல்லியமாகத் தெரியும் என்பதால், மறையும் நேரமே மூலத்தின் அளவைச் சொல்லிவிடும். இப்படி நூற்றுக்கணக்கான மூலங்களை அளந்த பின், 1975இல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் முடிவை வெளியிட்டார்கள். பழங்கால வானொலி மண்டலங்கள் இன்றுள்ளவற்றிலிருந்து மாறுபட்டவை என்று கொண்டால்தான் கணக்கு ஒத்துவந்தது. மாறாநிலை என்ற கூற்றுக்கு அங்கே இடமில்லை.

அதற்கு முன்பே, 1965இல் பென்சியாசும் வில்சனும் அறிவித்த நுண்ணலைப் பின்புலக் கதிர்வீச்சு மாறாநிலைக் கொள்கைக்குப் பெரிய அடி கொடுத்திருந்தது. அதன் வெப்பநிலை 2.725 கெல்வின். பொருளின் நிறையில் கால் பங்கு ஹீலியமாக இருப்பதும் சூடான தொடக்கத்தோடு பொருந்துகிறது.

ஹாயிலின் மாணவர் ஜெயந்த் நார்லிகர் பெருவெடிப்பைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. 1993இல் ஹாயில், பர்பிட்ஜ் ஆகியோருடன் திருத்திய கொள்கையொன்றைத் தந்தார். பின்புலக் கதிர்வீச்சின் நுண்ணிய ஏற்றத்தாழ்வுகளைப் பெருவெடிப்பு விளக்கும் அளவுக்கு அதனால் விளக்க முடியவில்லை. அவர் தோற்றார் என்றே கருதுகிறேன். ஆனால் எதிர்க்கேள்வியை அளவீட்டோடு கேட்ட மனிதர் என்ற மதிப்பு எனக்கு என்றும் உண்டு.

வென்ற கொள்கைக்கும் குறைகள் உண்டு. பழைய விண்மீன்களில் காணப்படும் லித்தியம், கணிப்பில் மூன்றில் ஒரு பங்குதான். விரிவு வேகத்தை ஒரு வழியில் அளந்தால் ஒரு மெகாபார்செக் தொலைவுக்கு நொடிக்கு 67 கிலோமீட்டர், இன்னொரு வழியில் 73. எல்லாவற்றுக்கும் மேலாக, சான்றுகள் நம்மைச் சூடான, அடர்ந்த நிலைவரைதான் அழைத்துச் செல்கின்றன. அதற்கும் முந்தைய கணம் எப்படி இருந்தது என்பதற்கு இன்று எவரிடமும் சான்று இல்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பெருவெடிப்பை முடிந்த கதையாகச் சொல்லித் தராதீர்கள். அந்த 200 கோடிச் சிக்கலையும் சேர்த்துச் சொல்லுங்கள். உரிய அனுமதி பெற்று மாணவர்களை முத்தொரைக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.