ஓய்வின் பெயரால் ஒரு மாளிகை

பேராக் மாநிலத்தின் தலைநகரான ஈப்போவைக் கிந்தா ஆறு பழைய நகரம், புதிய நகரம் என இரண்டாகப் பிரிக்கிறது. 1917இல் கட்டி முடிக்கப்பட்ட வெண்ணிற இரயில் நிலையத்திலிருந்து ஆற்றை நோக்கி, பழைய நகரத்தின் குறுக்கே நடந்து வருபவர் ஜாலான் பிஜே தீமா என்னும் தெருவை அடைவார். ஈயத் தாது என்பதே அந்த மலாய்ப் பெயரின் பொருள். ஹக்கா சீனரான ஈய முதலாளி லியோங் ஃபீ 1893இல் தம் இனத்துச் சுரங்க அதிபர்களுக்காக நிறுவிய ஹான் சின் பெட் சூ என்னும் மன்றம் அத்தெருவில்தான் இருக்கிறது. 1929இல் எழுப்பப்பட்ட அதன் மூன்றடுக்குக் கட்டடம் 2015 முதல் அருங்காட்சியகமாக இயங்கி வருகிறது. மன்றத்தின் பெயரில் முதற்சொல் ஓய்வையும் இறுதிச் சொற்கள் மாளிகையையும் குறிக்கின்றன.

அங்கு நேயர்கள் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, நால்வர் எதிரெதிரே அமரும் சதுர மேசையாகும். மாஜோங் என்னும் சீன ஆட்டத்துக்குரிய காய்கள் 144. பழங்காலக் காய்களில் எழுத்துச் செதுக்கிய முகம் எலும்பாலும், ஆட்டக்காரரின் உள்ளங்கையில் படியும் முதுகு மூங்கிலாலும் ஆனவை. அவற்றைக் கவிழ்த்துப் போட்டு இரு கைகளாலும் கலைக்கும்போது எழும் கலகலப்பு சிட்டுக்குருவிக் கூட்டத்தின் இரைச்சலை ஒத்திருப்பதாகச் சொல்வார்கள்; ஆட்டத்தின் சீனப் பெயர்களுள் ஒன்றுக்கும் சிட்டுக்குருவி என்றே பொருள்.

இம்மேசையில் அமர்ந்தவர்களைப் பொழுதுபோக்கு ஆட்டக்காரர்கள் எனலாம். வேறொரு தொழிலால் வாழ்ந்துகொண்டு, தோற்றாலும் குடும்பம் நிலைகுலையாத அளவுக்கே பணயம் வைப்பவர் என்பது அச்சொல்லின் பொருள். ஆனால் அவர்களுக்காகச் சுரங்கத்தில் மண் சுமந்த கூலியாளின் நிலை வேறு. அரசுக்கு மிகுதியான தொகை தர முன்வந்தவருக்குச் சூதாட்டம் நடத்தும் தனியுரிமையை ஏலத்தில் விடும் சூதாட்டக் குத்தகை முறை அக்காலத்தில் நிலவியது. ஈயம் விற்றபின் கூலியாளின் கைக்கு வந்த காசு, அபினி வழியாகவும் சூது வழியாகவும் குத்தகைக்காரரிடமும் முதலாளியிடமும் போய்ச் சேர்ந்தது. இதைச் சொல்லாமல் அந்த மாளிகையின் அழகை மட்டும் வருணிப்பது முறையாகாது.

சிறு ஆட்டக்காரரின் இழப்புக்கு எல்லை வகுப்பது எப்படி என்ற கேள்விக்கு, இன்றைய போக்கர் திருவிழாக்கள் ஒருவகை விடை தருகின்றன. போக்கர் என்பது 52 சீட்டுகளைக் கொண்டு, கையிலுள்ள சீட்டின் வலிமையையும் எதிராளியின் மனத்தையும் கணித்துப் பணயம் வைக்கும் ஆட்டம். 1970 முதல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்துவரும் உலகத் தொடரின் முதன்மைப் போட்டிக்கு நுழைவுத் தொகை 10,000 டாலர். அதைச் செலுத்தியவருக்குச் சில்லுகள் வழங்கப்படுகின்றன, அவை தீர்ந்தால் எழுந்துவிட வேண்டியதுதான். 2003இல் டென்னசி மாநிலக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், 86 டாலர் தகுதிச் சுற்றின் வழியே நுழைந்து 25 இலட்சம் டாலர் வென்ற பிறகு, பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களின் கூட்டம் பெருகியது. மலேசியாவிலோ பொதுச் சூதாட்ட விடுதிகளை 1953ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. உரிமம் பெற்ற ஒரே சூதாட்ட விடுதி பகாங் மாநிலத்துக் கெந்திங் மலையில் உள்ளது, அதற்குள் முஸ்லிம்களுக்கு அனுமதியில்லை.

ஈப்போவிலிருந்து வடக்கே சுங்கை சிப்புட்டை நோக்கிச் செல்லும் சாலையில் ரப்பர் மரங்கள் குறைந்து செம்பனை பெருகியிருக்கிறது. சுரங்கக் கூலியாளின் காசைப் போலவே, இங்குள்ள தோட்டத் தமிழரின் சம்பளப் பணமும் கரைந்துபோகக் கள்ளுக்கடை, சீட்டாட்டம் என வழிகள் பல இருந்தன. வெள்ளைக்காரர்களின் பெருந்தோட்டங்களை வாங்கியவர்கள் அவற்றைக் கூறுபோட்டு விற்ற தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் வேலையும் வீடும் இழந்து நின்ற வேளையில், சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம் என்ற ஏற்பாட்டை நம்பி, தோட்டந்தோறும் ஆண்களும் பெண்களும் தங்கள் கூலியிலிருந்து பணம் செலுத்தினார்கள். அந்தப் பணத்தைக் கொண்டு சங்கம் முதன்முதலில் வாங்கியது கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம்.