அளவு நாடா காட்டிய கணக்கு



மலேசியப் பல்கலைக்கழகங்களின் பட்டமளிப்பு விழாவில் மேடையேறுவோரில் பெண்களே அதிகம். அப்புறம் மகளிருக்கு என்னதான் குறை என்று கேட்போர் உண்டு. மாணவியாக நுழைவது வேறு. விரிவுரையாளராகி, பேராசிரியராகி, முடிவெடுக்கும் நாற்காலியில் அமர்வது வேறு. மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு பெண் துணைவேந்தர் வந்தது 2006ஆம் ஆண்டில்தான். அவர் ரஃபியா சாலிம்.

நடுவில் என்ன நடக்கிறது? அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நடந்ததைப் பார்த்தால் புரியும்.

அங்கே 1973 முதல் பணியாற்றிய உயிரியல் அறிஞர் நான்சி ஹாப்கின்ஸ். 1990களின் தொடக்கத்தில் மீன்களை வைத்து ஆய்வு செய்ய முனைந்தார். தொட்டிகள் வைக்க அவர் கேட்டது கூடுதலாக 200 சதுர அடி. கிடைக்கவில்லை. ஓர் இரவு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடங்களை அளக்கப் புறப்பட்டார். பணியில் தமக்கு இளைய ஆண்களுக்குக்கூடத் தம்மைவிடப் பெரிய இடம் இருப்பது தெரிந்தது. பேராசிரியர் ஒருவர், அதுவும் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர், தம் பேச்சை நம்பவைக்க நாடா பிடிக்க வேண்டியிருந்தது!

அறிவியல் புலத்தில் 1994இல் நிரந்தரப் பதவியில் இருந்த பெண்கள் 15 பேர். ஆண்களோ ஏறக்குறைய 200 பேர். பெண் பேராசிரியர்கள் ஒன்றுகூடிப் புல முதல்வர் ராபர்ட் பர்ஜெனோவிடம் முறையிட்டார்கள். அவர் தட்டிக் கழிக்கவில்லை. குழு அமைந்தது. சம்பளம், ஆய்வுக்கூட இடம், ஆய்வு நிதி, பொறுப்புகள் என எல்லாம் ஆராயப்பட்டன.

1999இல் வெளிவந்த அறிக்கையில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பணியில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் தங்களுக்குக் குறையில்லை என்றார்கள். மூத்தவர்களோ ஒதுக்கப்பட்டதாக உணர்ந்தார்கள். பதவி உயர உயர ஒதுக்கலும் கூடியது. பாகுபாடு முன்னவர்களோடு முடிந்துவிட்டது என்றுதான் ஒவ்வொரு தலைமுறை இளம்பெண்ணும் நம்பியிருக்கிறார்!

படித்தவர்கள் கூடும் இடத்தில் பாரபட்சம் இராது என்ற நினைப்பே இங்கே பெரிய முட்டுக்கட்டை. கழகத் தலைவர் சார்ல்ஸ் வெஸ்ட் அந்த நினைப்பைக் கைவிட்டு, பாகுபாடு உண்மைதான் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். சம்பளமும் இடமும் திருத்தப்பட்டன. 2004இல் அந்தக் கழகத்துக்கே சூசன் ஹாக்ஃபீல்ட் என்ற பெண் தலைவரானார்.

இங்குள்ள பல்கலைக்கழகங்களிலும் இந்தக் கணக்கைப் போடலாம். ஆய்வு மானியம் யாருக்கு எவ்வளவு? துறைத் தலைமை எத்தனை பெண்களிடம்? பதவி உயர்வுக்கு மனுச் செய்து காத்திருக்கும் விரிவுரையாளர்கள் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கட்டும்.