நாற்பதுக்குப் பின் ஒரு பாடம்



மரக்குடிசையில் பிறந்தவர் வெள்ளை மாளிகை சென்றார் என்று ஆபிரகாம் லிங்கனைப் பற்றி மேடைதோறும் முழங்கியிருக்கிறோம், கைதட்டலும் பெற்றிருக்கிறோம். குடிசைக்கும் மாளிகைக்கும் இடையே அவர் நடந்த வழியை மட்டும் மறந்துவிடுகிறோம். இன்று அந்த வழியைப் பார்ப்போம்.

1809 பிப்ரவரி 12-இல் கெண்டக்கியில் பிறந்தார். ஏழு வயதில் குடும்பம் இண்டியானாக் காட்டுக்குப் பெயர்ந்தது. பிஞ்சுக் கையில் ஏடு தரவேண்டிய வயதில் கோடரி தந்தார்கள். காடு வெட்டினார், கழனி திருத்தினார். பள்ளிக்கூடமோ? அவ்வப்போது சில வாரங்கள். அத்தனையும் கூட்டினால் ஓராண்டு தேறாது என்று அவரே பின்னாளில் குறித்திருக்கிறார்.

1818-இல் பெற்ற தாய் மறைந்தார். மறு ஆண்டு வந்த மாற்றாந்தாய் சாரா எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும் படிக்கும் பிள்ளைக்குத் துணை நின்றார். மாற்றாந்தாய் என்றாலே கொடுமைக்காரி என்று கதை கட்டுவோர் இந்த அம்மையாரை எண்ணிப் பார்க்கட்டும்!

இரவல் வாங்கிய வாஷிங்டன் வரலாறு மழையில் நனைந்துவிட்டது. விலை கொடுக்கக் காசில்லை. உடையவரின் சோளக்கொல்லையில் உழைத்துக் கடன் தீர்த்தார். 1861-இல், குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்கச் செல்லும் வழியில், சிறுவயதில் படித்த வாஷிங்டன் வரலாற்றை டிரென்டன் நகரில் நினைவுகூர்ந்தார்.

இருபத்திரண்டாம் வயதில் இல்லினாய் மாநிலத்து நியூ சேலம் சிற்றூரை அடைந்தார். கூட்டாகக் கடை வைத்தார். கடை மூழ்கியது, கடன் மிதந்தது! அஞ்சல் அலுவலரானார். நில அளவை வேலை வந்தது. நூலைப் பிடித்தார், கணக்கைக் கற்றார், சங்கிலியைத் தூக்கினார். 1832-இல் சட்டமன்றத் தேர்தலில் தோற்றவர், 1834-இல் வென்றார். வென்றபின் ஓய்ந்தாரா? சட்ட நூல்களை இரவல் வாங்கினார். ஆசானின்றிப் பயின்று 1836-இல் வழக்கறிஞர் உரிமம் பெற்றார்.

நான் வியப்பது இவற்றையன்று. வறுமை விரட்டியது, படித்தார் என்று சொல்லிவிடலாம். 1847 முதல் 1849 வரை அமெரிக்க நாட்டுப் பிரதிநிதிகள் சபையில் உறுப்பினராக இருந்து திரும்பியவர், நாற்பதைத் தொட்டவர், பெயர்பெற்ற வழக்கறிஞர், அதன் பிறகு யூக்ளிடின் வடிவகணித நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாரே, அதைத்தான் வியக்கிறேன். முக்கோணமும் வட்டமும் எந்தத் தேர்தலில் வாக்குச் சேர்க்கும்? ஆறு பகுதிகளையும் ஏறத்தாழ முழுதாகக் கற்றார்.

ஒலிபெருக்கி முன் நாலு முறை நின்றதும் நூலகத்தின் வழி மறந்துபோகும் நம்மில் சிலருக்கு (என்னையும் சேர்த்தே சொல்கிறேன்) இந்தச் செய்தி சுடும்.

1858-இல், பேரவை உறுப்பினர்களின் வரலாற்றுத் தொகுப்புக்காக அவரிடம் விவரம் கேட்டார்கள். கல்வி என்ற இடத்தில், குறையுடையது என்று எழுதி அனுப்பினார்.