நண்பர்களின் இல்லமும் நமது சங்கமும்

(ஆண்டு விழாவில் விழாக்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் சங்க இலக்கியம் பற்றியோ தமிழிசை பற்றியோ பேசுவதே நம் வழக்கம். இவ்வாண்டு அவ்வழக்கத்தினின்று சற்றே விலகி, வேறொரு சங்கத்தாரின் கூட்டங்களைப் பற்றியும் விழாக்களைப் பற்றியும் பேச விழைகிறோம். அவர்கள் தம்மை 'நண்பர்கள் சங்கம்' என்று அழைத்துக்கொள்கின்றனர். உலகம் அவர்களைக் குவேக்கர் என்று அழைக்கிறது.

அவர்கள் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். போபாலில் வாழும் நாம் தெற்கே சென்றால் நர்மதைக் கரையில் ஹோசங்காபாத் என்னும் ஊரைக் காண்போம். 2022 முதல் அதன் பெயர் நர்மதாபுரம். அதனை அடுத்த ரசூலியாவில் குவேக்கர்கள் நடத்திய ஊரக மையம், 1972-இல் கிஷோர் பாரதி என்னும் அமைப்புடன் சேர்ந்து, 16 பள்ளிகளில் பிள்ளைகள் தாமே செய்து பார்த்துக் கற்கும் அறிவியல் கல்வியைத் தொடங்கியது. முதிய பருவத்தில் அம்மையத்தில் வாழ்ந்த மார்ஜோரி சைக்ஸ் அம்மையார், 1928-இல் ஆசிரியையாகச் சென்னைக்கு வந்து தமிழ் கற்றவர். ஆகவே, அவர்களைப் பற்றி ஒரு தமிழ்ச் சங்கம் அறிந்துகொள்வது பொருத்தமே ஆகும்.

குவேக்கர் இயக்கம் பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றியது. அவர்தம் வழிபாட்டில் பலிபீடம் இல்லை. பலருடைய கூட்டங்களில் குருவும் இல்லை. அனைவரும் ஒன்றாக அமர்ந்து மௌனம் காப்பர். உள்ளத்தில் ஒரு சொல் எழுந்து, அதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று உணர்பவர் எவராயினும் எழுந்து பேசலாம். ஆண், பெண், முதியோர், இளையோர் என்ற வேறுபாடு அங்கே இல்லை. இறுதியில் அருகிலிருப்பவருடன் கைகுலுக்கிக் கூட்டத்தை நிறைவு செய்வர்.

விழாக்களைப் பற்றி அவர்களுடைய முன்னோர் கொண்டிருந்த கருத்து வியப்புக்குரியது. எல்லா நாளும் இறைவன் தந்த நாளே; அவற்றுள் ஒன்றை மட்டும் திருநாள் என்று பிரிப்பது எற்றுக்கு என்று அவர்கள் வினவினர். கிறிஸ்துமஸ் அன்றும் கடையைத் திறந்து வணிகம் செய்தனர். கிழமைகளின் பெயர்கள் பழந்தெய்வங்களைக் குறிப்பன என்று அவற்றையும் விலக்கி, முதல் நாள், இரண்டாம் நாள் என்று எண்ணிட்டே வழங்கினர்.

இத்தகையோரிடத்தே பருவந்தோறும் கூடி மகிழும் வழக்கம் எவ்வாறு வந்தது? 1897-இல், ஸ்கார்பரோ என்னும் கடற்கரை நகரில் ஒரு கோடைக்காலக் கூட்டம் நடத்தினர். சேர்ந்து கற்றனர், சேர்ந்து உண்டனர், கலைந்து செல்ல மனமில்லாதிருந்தனர். அம்மனநிலையின் பயனாக, 1903-இல் பர்மிங்ஹாம் அருகே உட்புரூக் என்னும் நிலையான இல்லம் எழுந்தது. சாக்லேட் தொழிலில் பெயர்பெற்ற ஜார்ஜ் காட்பரி தாம் வாழ்ந்த வீட்டையே இதற்கு ஈந்தார். 1930-இல் கவி தாகூர் அங்கே தங்கினார். 1931-இல் வட்டமேசை மாநாட்டிற்காக இங்கிலாந்து சென்ற காந்தியடிகளும் அங்கே வந்து பேசினார்.

உட்புரூக்கைப் பின்பற்றி, 1930-இல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகருக்கு அருகே பெண்டில் ஹில் என்னும் இல்லம் தோன்றியது. அங்கே ஒவ்வொரு நாளும் மௌனக் கூட்டம் உண்டு. தங்கிக் கற்க வந்தவரும் கற்பிக்க வந்த அறிஞரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டனர். உண்டபின் முறைவைத்துப் பாத்திரம் துலக்கினர். தோட்ட வேலையும் அவ்வாறே. கலிபோர்னியாவில் பென் லோமண்ட் என்னும் மலையூரில், வானளாவிய ரெட்வுட் மரங்களுக்கிடையே மற்றோர் இல்லம் உள்ளது. குடும்பங்கள் குழந்தைகளுடன் கோடையிலும் ஆண்டு முடிவிலும் அங்கே கூடுவது வழக்கம். திருநாளை மறுத்த முன்னோரின் வழித்தோன்றல்கள், இவ்வாறு பருவங்களைக் கொண்டாடக் கற்றுக்கொண்டனர். ஆயினும் முன்னோரின் கொள்கையை அவர்கள் முற்றிலும் துறந்துவிடவில்லை. பாத்திரம் துலக்கும் நாளும் விழா நாளும் ஒரே மதிப்புடையன என்பதன்றோ அதன் உட்பொருள்?

அவர்கள் முடிவெடுக்கும் முறையும் அறியத்தக்கது. அங்கே வாக்கெடுப்பு இல்லை. பெரும்பான்மை வென்றது, சிறுபான்மை தோற்றது என்ற பேச்சும் இல்லை. கூட்டத்தின் கருத்து இன்னதென்று எழுத்தர் உணர்ந்து எழுதி, அங்கேயே படித்துக் காட்டுவார்; அனைவரும் இசைந்த பின்னரே அது முடிவாகும்.

இம்முறையில் குறையே இல்லை என்று கூறமாட்டோம். 1688-இல் பிலடெல்பியாவை அடுத்த ஜெர்மன்டவுனில் நால்வர், அடிமை வணிகம் தகாது என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கூட்டத்தின்முன் வைத்தனர். அது மாதக் கூட்டத்திலிருந்து காலாண்டுக் கூட்டத்திற்கும், அங்கிருந்து ஆண்டுக் கூட்டத்திற்கும் சென்றது. அங்கே முடிவின்றி ஒதுக்கி வைக்கப்பட்டது. அடிமைகளை உடையோர் தம் சங்கத்தில் இருத்தல் ஆகாது என்று பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் உறுதி செய்தது 1776-இல்தான். இடையே கழிந்தவை 88 ஆண்டுகள். கூட்டத்தில் இருந்தோர் பொறுமையுடன் ஒருவர்க்கொருவர் செவிசாய்த்தனர். ஆனால் யாருடைய வாழ்வு பற்றிய பேச்சோ, அவ்வடிமைகள் அக்கூட்டத்தில் இல்லை. கூடியிருப்போர் ஒற்றுமையாக இருப்பது மட்டும் போதாது. கூடாதிருப்போர் யார் என்று எண்ணிப் பார்த்தலும் வேண்டும் என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

அவ்வாறு எண்ணியபோது, எங்கள் குழுவின் தவறு ஒன்று எங்களுக்கே விளங்கியது. சென்ற பொங்கல் விழாவில் மேடையில் பன்னிருவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். அதன்பின் அடுக்களைப் பக்கம் சென்றோம். விடியற்காலை ஐந்து மணி முதல் அங்கே நின்றிருந்த ஒரு தாயார், கரண்டியைக் கையில் பிடித்தவாறே, "ஏன் தம்பி, என் பேத்தி ஆடிவிட்டாளா?" என்று கேட்டார். அவள் ஆடி முடித்து அரை மணி கடந்திருந்தது. எங்களால் விடை கூற இயலவில்லை. நிகழ்ச்சி நிரலை மூன்று முறை கூடித் திருத்திய நாங்கள், அடுக்களையில் இருப்போர் எப்போது வந்து அமர்வர் என்று ஒருமுறையேனும் எண்ணினோமில்லை.

நம் சங்கத்திற்கு ஒரு மண்டபம் வேண்டும் என்ற பேச்சு பல்லாண்டுகளாக நடந்து வருகிறது. அது வேண்டற்பாலதே. எனினும் உட்புரூக் இல்லத்தின் பின்வரலாற்றையும் இங்கே கூறுதல் வேண்டும். 120 ஆண்டுகள் விளங்கிய அவ்வில்லத்தை, நடத்தும் செலவு தாங்கலாகாமல் 2023-இல் விட்டு நீங்கினர். அதற்காக உட்புரூக்கின் கல்விப்பணி முடிந்துவிடவில்லை. இணையம் வழியாகவும் பிற இடங்களிலும் அது தொடர்கிறது. கட்டடம் போயினும் கூடும் பழக்கம் நின்றது. பழக்கமின்றிக் கட்டடம் மட்டும் நின்றிருந்தால், அது பூட்டிய வீடாகவே இருந்திருக்கும். நாமும் மண்டபத்திற்குக் கல் சேர்க்கும் முன்னர், அதில் அமரப்போகும் மனிதரைச் சேர்த்தல் வேண்டும்.

ஆகவே, இவ்வாண்டு இரண்டு சிறு ஏற்பாடுகளைத் தொடங்குகிறோம். முதலாவது, சமையலும் பரிமாறலும் பாத்திரம் துலக்கலும் இனி முறைவைத்தே நடைபெறும். ஆடவர்க்கும் நிருவாகிகளுக்கும் அதில் விலக்கு இல்லை. இரண்டாவது, ஒவ்வொரு பொதுக்கூட்டத்தின் முடிவிலும் கால் மணி நேரம், அதுவரை வாய் திறவாதோர்க்கு உரியது. எவரும் பேசாவிடில் அமைதியாகவே அமர்ந்திருப்போம். அந்த அமைதியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கூச்சமுடையோர் பேசத் துணிவதற்குச் சிறிது காலம் வேண்டுமன்றோ?

இன்று பந்தி முடிந்ததும் பாத்திரம் துலக்குவோரின் பட்டியல் வாயிலில் ஒட்டப்பட்டுள்ளது. அதில் முதற்கண் உள்ளவை எங்கள் பெயர்களே. அதற்கு முன் கலைநிகழ்ச்சி நடைபெறும். சென்ற ஆண்டு ஆடிய அப்பேத்தி இன்று மீண்டும் ஆடுகிறாள். அடுக்களையில் உள்ள தாய்மார்கள் அனைவரும் வந்து முன்வரிசையில் அமர்ந்த பின்னரே திரை விலகும். அதுவரை பொறுத்தருளுமாறு உங்கள் அனைவரையும் பணிவுடன் வேண்டிக்கொள்கிறோம்.